கல்லாப்பெட்டிக்கு எட்டாத சலுகை



கடலூர் மஞ்சக்குப்பத்திலும், மறுநாள் சிதம்பரத்திலும், ஓட்டல் நடத்துவோரும் அங்கே உழைப்போரும் ஒரே பந்தலில் அமர்ந்திருக்க நான் பேசியவற்றை எழுத்தில் தருகிறேன். அன்று வர இயலாத நீங்களும் அறிய வேண்டிய செய்தி இது.

வேலைக்கு ஆள் அமர்த்துவோருக்கு வரிச்சலுகை தருகிறோம் என்கிறது டில்லி சர்க்கார். பொய்யன்று, சட்டத்தில் இருக்கிறது. 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 80ஜேஜேஏஏ பிரிவு முதலில் ஆலைகளுக்கே உரியதாயிருந்தது. 2016ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதனை ஏனைய தொழில்களுக்கும் விரித்தது; ஓட்டல்காரரும் அதனுள் வந்தனர். 2025இல் இயற்றிய புதிய வருமானவரிச் சட்டமும் அதனைக் கைவிடவில்லை. புதிதாக அமர்த்தியவரின் சம்பளத்தைச் செலவில் எழுதிக்கொள்வதோடு, அதில் 100க்கு 30 பங்கை மீண்டும் ஒருமுறை இலாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். மூன்றாண்டுகளுக்கு இந்த உரிமை உண்டு.

கணக்கைப் பாருங்கள். மாதம் 15,000 ரூபாய் சம்பளத்தில் ஒரு சப்ளையர். ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். அதில் 30 பங்கு 54,000. நூற்றுக்கு 30 வரி கட்டும் பெரிய விடுதிக்கு இதனால் ஆண்டுதோறும் 16,200 ரூபாய் மிஞ்சும், மூன்றாண்டில் 48,600. அதே சப்ளையரை, அதே சம்பளத்துக்கு, திருப்பாதிரிப்புலியூரில் தானே கல்லாவில் அமர்ந்து கடை நடத்துகிறவர் அமர்த்தினால்? 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் ஆண்டு வருமானம் 12 இலட்சம் வரை உள்ள தனிநபருக்கு வரியே இல்லை. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் வரியே இல்லாதவர் எதிலே கழிப்பார்? அவருக்குக் கிடைப்பது சுழி. ஆள் ஒன்று, உழைப்பு ஒன்று, சலுகை மட்டும் முதலாளியின் செல்வத்துக்கேற்ப வளர்கிறது! ஏழைக்கு எள்ளும் இல்லை, பணக்காரனுக்குப் பந்தி என்பது இதுவன்றோ?

நிபந்தனைகளோ இன்னும் நேர்த்தி. ஆடிட்டர் தணிக்கை சட்டப்படி தேவைப்படும் அளவுக்கு வியாபாரம் இருக்க வேண்டும். உத்தேசக் கணக்கில் வரி கட்டும் சிறு கடைக்காரர் இதிலேயே விலக்கப்பட்டு விடுகிறார். சம்பளம் வங்கி வழியே போகவேண்டும்; மாதம் 25,000க்கு மேற்படலாகாது. ஊழியர் பி.எஃப். என்னும் சேமநல நிதியில் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் 20 பேருக்குக் குறைந்த கடைக்கு அந்நிதி கட்டாயமன்று. ஊழியர் எண்ணிக்கை கூடவும் வேண்டும். சரக்கு மாஸ்டர் போய் இன்னொரு சரக்கு மாஸ்டர் வந்தால் அது புதிய வேலை ஆகாது. இவற்றுக்கெல்லாம் மேலாக, அந்த ஊழியர் 240 நாள் பணிசெய்திருக்க வேண்டும். தையல், காலணி, தோல் தொழில்களுக்கு 150 நாள் போதும் என்று இறங்கி வந்த சர்க்காருக்கு, அடுப்படியில் வேகிறவன் நினைவுக்கு வரவில்லை.

இந்த 240 என்னும் எண்ணைத் தூக்கிக்கொண்டு சிதம்பரத்துக்கு வாருங்கள். நான்கு தேர் வீதிகளிலும் நடந்து பாருங்கள். ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனம் என்று ஆண்டுக்கு இரு பெருவிழாக்கள். தேரோடும் நாளில் வீதி கொள்ளாத கூட்டம். அந்நாட்களில் இலை எடுக்க, மாவு ஆட்ட, தண்ணீர் வைக்கக் கூடுதல் ஆள் வேண்டும். விழா முடிந்த இரவே கூலியைக் கையில் வாங்கிக்கொண்டு அவர்கள் கலைந்து போவார்கள். அண்ணாமலை நகரில் பல்கலைக்கழகம் திறந்திருக்கும் மாதங்களில் ஒரு கணக்கு, விடுமுறையில் வேறொரு கணக்கு. (சிதம்பரத்துக் கொத்சைப் புகழாத நாவில்லை, அதைக் கிண்டுகிறவரின் சம்பளச் சீட்டைக் கேட்ட செவியும் இல்லை!) அந்த ஊழியர் ஆண்டெல்லாம் சும்மா இருப்பவரல்லர். ஆனியில் இவ்வூர், பின்னர் நெய்வேலி, மாலைக் கூட்டம் பெருகும் கோடையில் கடலூர் தேவனாம்பட்டினம் என்று மாறி மாறி உழைக்கிறார். மொத்தத்தில் 240 நாளைத் தாண்டியும் உழைத்திருப்பார். ஆனால் எந்த ஒரு முதலாளியிடமும் 240 ஆகாது. ஆகவே சட்டத்தின் கண்ணுக்கு அவர் இல்லை.

நமது கோரிக்கை இங்கேதான் பிறக்கிறது. சேமநல நிதிக்கு ஊழியர் எங்கே போனாலும் அவருடனேயே செல்லும் ஒரே எண் உண்டு. நாட்களை அந்த எண்ணில் கூட்டுங்கள், கடையின் பேரில் அல்ல. சலுகையை, உழைத்த நாட்களுக்கேற்ப, அமர்த்தியவர்களுக்குள் பங்கிடுங்கள்.

அமெரிக்காவில் 1996இல் கொண்டுவந்து, 2025 டிசம்பர் வரை நீட்டித்த வரி வரவுத் திட்டம் ஒன்று, உதவித்தொகையில் வாழ்ந்தோர், சிறை மீண்டோர், போரிலிருந்து திரும்பியோர் ஆகியோரை அமர்த்தினால் சலுகை என்று ஆளைப் பார்த்தது. குறையற்றதென்று சொல்லேன். ஆயினும் யாருக்கு வேலை கிடைக்கிறது என்றாவது கேட்டது.

டில்லியிலும் முன்மாதிரி இல்லாமலில்லை. 2018 ஏப்ரல் முதல், 2016இல் தொடங்கிய ஒரு திட்டத்தின்கீழ், புதிய ஊழியருக்கு முதலாளி கட்டவேண்டிய 12 பங்கையும் சர்க்காரே மூன்றாண்டு ஏற்றது. 2020 அக்டோபரில் வந்த திட்டமோ, ஆயிரம் பேர் வரையுள்ள நிறுவனங்களுக்கு இருவர் பங்கையும் சேர்த்து 24ஐயும் ஏற்றது. அன்று முடிந்தது, 20 பேருக்குக் குறைந்த ஓட்டலுக்கு நிலையாக முடியாதா?

முதலாளிகளைப் பழிக்க நான் எழவில்லை. 2017 நவம்பர் 15 முதல் சாதாரண உணவு விடுதிக்கு 5 விழுக்காடு வரி என்று விதித்தபோது, சரக்கு வாங்கையில் கட்டிய வரியைக் கழிக்கும் உரிமை அவர்களிடமிருந்து பறிபோனது. அந்தச் சுமை எனக்குத் தெரியும். ஆனால் 1958இல் சென்னைச் சட்டமன்றம் உணவு விடுதிகளுக்கென்றே தனிச் சட்டம் இயற்றி, வேலை நேரத்துக்கு வரம்பும் வார ஓய்வும் வகுத்ததே. அதை இன்னும் காணாத கடைகள் உண்டென்பதும் எனக்குத் தெரியும்.

சிதம்பரத்துக் கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்தார். “பத்து நாள் வேலைக்கு வந்தவன் பி.எஃப். கேட்டால், அடுத்த தேருக்கு என்னைக் கூப்பிடுவாங்களா ஐயா?” என்றார். பந்தலில் இருந்த ஓட்டல்காரர்கள் தலை குனிந்தார்கள். ஒருவர் மட்டும், “கூப்பிட மாட்டோம் தம்பி, கட்டுப்படியாகாது” என்று உண்மையைச் சொன்னார். அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டாயிற்று. கட்டுப்படியாகாத அந்தப் பங்கைத்தான் சர்க்கார் ஏற்கவேண்டும் என்கிறோம்.

அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 20 பேருக்குக் குறைந்த கடையும், ஊழியரில் பெரும்பாலோர் இசைந்தால், தானே முன்வந்து சேமநல நிதியில் சேரலாம். 2025 ஆகஸ்டு 1 முதல் 2027 ஜூலை 31 வரை உண்டாகும் வேலைகளுக்கென வந்த திட்டத்தில், 50 பேருக்குக் குறைந்த நிறுவனம் கூடுதலாக இருவரையேனும் அமர்த்தி ஆறு மாதம் வைத்திருந்தால், 15,000 ரூபாய் சம்பளக்காரர் ஒருவருக்கு மாதம் 2,000 ரூபாய் வீதம் இரண்டாண்டு உண்டு. வரி கட்டாதவருக்கும் உண்டு. முதன்முறை வேலைக்கு வரும் ஊழியருக்கு 15,000 ரூபாய் வரை இரு தவணையாகத் தனியே உண்டு. தேர் நாள் ஊழியருக்கு இதுவும் எட்டாது. ஆனால் ஆண்டு முழுதும் கடை நடத்துவோர் இதை விடவேண்டா. விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்க்கு எழுதித்தர, கடலூரிலும் சிதம்பரத்திலும் நம் தோழர்கள் ஞாயிறுதோறும் அமர இசைந்திருக்கிறார்கள்.