மலையைப் படிக்கப் பிள்ளைகளை அனுப்புவோம்

(தோட்ட இளைஞர், பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2014 ஒக்டோபர் 29ஆம் திகதியை நாங்கள் மறக்கவில்லை. அன்று காலை கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்தது. லயன்கள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகளில் சிலருக்குத் திரும்பிவர வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆனாலும் மண் சரிந்த அன்று நம் மக்கள் அதே லயன்களில்தான் இருந்தார்கள்.

எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அலுவலகத்தில் கிடந்தால் உயிர் தப்பாது. அதை வாசித்து, லயத்துக்குக் கொண்டுவந்து, "இந்த மக்களுக்குப் பாதுகாப்பான காணி எங்கே?" என்று அதிகாரிகளிடம் கேட்க ஆள் வேண்டும். அந்த ஆள் நம் பிள்ளையாகவும் இருக்க வேண்டும். அதற்கான படிப்புத்தான் அனர்த்த முகாமைத்துவம்.

மண்ணைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கான் வெட்டியவர்கள் நாம். கான் அடைபட்டால் தண்ணீர் எங்கே இறங்கும் என்று நமக்குத் தெரியும். சுவரிலும் தரையிலும் புதிதாக வெடிப்பு விழுவது, மரமும் கம்பமும் சாய்வது, ஊற்று திடீரெனக் கிளம்புவது அல்லது வற்றுவது, ஓடைத் தண்ணீர் சேறாக வருவது: இவையெல்லாம் மலை காட்டும் அடையாளங்கள். படித்தவர் அதை அளந்து, வரைபடத்தில் குறித்து, அறிக்கையாக எழுதுகிறார். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 என்றால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 என்றால் வெளியேற வேண்டும். ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டியதுதான். இந்தக் கணக்கு ஒவ்வொரு லயத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

என்ன படிப்பது? உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுக்கிற பிள்ளை புவியியலை விடாமல் படிக்கட்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் புவியியல் பட்டம் படிக்கலாம். விஞ்ஞான, கணிதப் பிள்ளைகளுக்குப் பேராதனையில் புவிச்சரிதவியலும், சப்ரகமுவவில் நில அளவையியலும் உண்டு. பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் கதவு மூடிவிடாது. செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவிப் பயிற்சியில் தொடங்கலாம். 1990 அம்புலன்ஸ் சேவையிலும் பயிற்சி பெற்ற இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். எந்த வழியில் போனாலும் சிங்களமும் ஆங்கிலமும் கைவசம் இருக்கட்டும். அதேநேரம் தமிழும் அரச கரும மொழி. எச்சரிக்கை நமக்குத் தமிழில் வருவது சலுகை அல்ல, உரிமை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பிள்ளைகள் படித்துவிட்டால் அரசாங்கத்தின் கடமையும் தோட்ட நிர்வாகத்தின் கடமையும் தீர்ந்துபோகாது. "வெளியேறு" என்று சொல்கிறவர்கள் போவதற்கு இடம் காட்ட வேண்டும். மழை நாளில் முகாமுக்குப் போனவரின் நாட்சம்பளம் வெட்டுப்படக்கூடாது. காணியும் வீடும் கேட்கும் நம் போராட்டம் தொடரும். அந்தப் போராட்டத்தில் வரைபடத்தை விரித்துப் பேசக்கூடிய நம் பிள்ளை ஒருவர் பக்கத்தில் இருந்தால், நம் கோரிக்கையைத் தட்டிக்கழிப்பது அவர்களுக்குக் கஷ்டம்.

தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் சங்கத்தினருக்கும் மூன்று வேலைகள். உங்கள் டிவிஷனில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளின் பெயர்களை எழுதுங்கள். ஆபத்தான லயன்களை அடையாளம் கண்டு, பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை ஒவ்வொரு காம்பராக் கதவிலும் ஒட்டுங்கள். அடுத்த மழைக்கு முன் இந்த மூன்றையும் முடிப்போம்.