கண்ணின் சாட்சியமும் பதிவேட்டின் எழுத்தும்





நமது நாட்டில் டிஜிட்டல் அடையாள முறையொன்றை ஏற்படுத்துவதற்காக இந்தியாவுடன் 2022 மார்ச் மாதத்தில் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. முகம், விரல் ரேகை ஆகியவற்றோடு கண்ணையும் பதிவு செய்வது அத்திட்டத்தின் நோக்கம். "கண்ணைப் படம்பிடித்து ஆளை அடையாளம் காண்பது மார்க்கத்தில் கூடுமா?" என்று வாலிபர்கள் வினவுகின்றனர். "பிள்ளைகளின் கண்ணுக்குத் தீங்கு வருமா?" என்று தாய்மார் கேட்கின்றனர். கேட்கப்பட வேண்டிய மூன்றாவது கேள்வியொன்றும் உண்டு. அதற்குப் பின்னர் வருகிறேன்.

கண்ணின் நடுவே கருமையாகத் தெரியும் துவாரம் கண்மணி. அதனைச் சூழ்ந்திருக்கும் நிற வளையத்தை நமது பாடநூல்கள் கதிராளி என்கின்றன. தமிழ்நாட்டார் கருவிழி என்பர். அரபியில் அதன் பெயர் கஸஹிய்யா. வானவில்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது பிறந்தது. கிரேக்க மொழியிலிருந்து வந்த ஐரிஸ் என்ற பெயருக்கும் வானவில் என்பதே பொருள். இரு மொழியினரும் அவ்வளையத்தைப் பார்த்து ஒரே பொருளை நினைத்திருக்கின்றனர்!

அந்த வளையத்தின் இழைகளும் குழிகளும் சிசு தாயின் கருவறையில் மூன்று மாதமாக இருக்கும்போது உருவாகத் தொடங்கி, எட்டாம் மாதமளவில் பெரும்பாலும் நிறைவடைகின்றன. ஒரே முகச் சாயலுள்ள இரட்டையர்களுக்கும் கதிராளி வேறுபடும். ஒருவரின் வலக்கண்ணும் இடக்கண்ணும் கூட ஒன்றல்ல. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜோன் டோக்மன் என்பவர் இதனைக் கணினி வாசிக்கும் முறையை வகுத்து 1994இல் காப்புரிமை பெற்றார். கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ்க் கதிரில் கெமரா படம்பிடிக்கும். அந்த ஒளியில் நம்மவரின் கரிய கண்ணிலும் இழைகள் தெளிவாகத் தெரியும். கணினி அவற்றை 2,048 குறியீடுகளாக மாற்றும். ஒவ்வொன்றும் பூச்சியம் அல்லது ஒன்று. வெவ்வேறு இரு கண்களை ஒப்பிட்டால், நாணயத்தைச் சுண்டினாற்போல் ஏறத்தாழப் பாதிக் குறியீடுகள் முரண்படும். முரண்பாடு மூன்றிலொரு பங்கிலும் குறைந்தால் இரண்டும் ஒரே கண்தான். சாதாரணப் படப்பிடிப்பே இது. தரநியமத்திற்கு அமைந்த கருவியின் மெல்லிய கதிரால் பிள்ளைக்குத் தீங்கில்லை.

மார்க்கத்தின் விடயத்திற்கு வருவோம். நபி (ஸல்) அவர்களின் அன்புக்குரிய ஸைத் (ரலி) அவர்கள் வெண்ணிறம். அவர்களின் புதல்வர் உஸாமா (ரலி) அவர்கள் கருநிறம். அதனால் சிலர் வம்சத்தில் ஐயம் கிளப்பினர். ஒரு நாள் இருவரும் தலையைப் போர்வையால் மூடி, பாதங்கள் வெளியே தெரியப் படுத்திருந்தனர். சாயல் பார்த்து வம்சம் கூறுவதில் தேர்ந்த முஜஸ்ஸிஸ் என்பவர் அப்பாதங்களைக் கண்டு, இவை ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்றார். நபியவர்கள் அகமகிழ்ந்து அச்செய்தியை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கூறினார்கள். புஹாரியிலும் முஸ்லிமிலும் பதிவான சம்பவம் இது. இதனைக் கொண்டே நமது ஷாபிஈ மத்ஹபின் இமாம்கள் அத்தகையவரின் கூற்றைச் சான்றாக ஏற்றனர். ஹனபி இமாம்கள் ஏற்கவில்லை. ஏற்றவர்களும் நிபந்தனை விதித்தனர்: அவர் சோதித்துப் பார்க்கப்பட்டவராகவும் நேர்மையாளராகவும் இருக்க வேண்டும். ஆகவே, உடலின் அடையாளம் கொண்டு ஆளை அறிவது மார்க்கத்திற்கு அந்நியமானதன்று. சான்று சொல்பவர் எத்தகையவர் என்பதையே இமாம்கள் கூர்ந்து நோக்கினர். கருவி நன்கு சோதிக்கப்பட்டது. அதனைக் கையில் வைத்திருப்பவர் எத்தகையவர்? நான் குறிப்பிட்ட மூன்றாவது கேள்வி இதுவே.

வளைகுடாவுக்குச் செல்லும் நமது பிள்ளைகள் இக்கருவியை முன்பே அறிவர். ஐக்கிய அரபு இராச்சியம் 2001 முதல், நாடுகடத்தப்படுவோரின் கதிராளியைப் பதிந்து, நுழைவாயில்களில் வருவோரின் கண்ணோடு ஒப்பிடத் தொடங்கியது. பெயரையும் பிறந்த திகதியையும் மாற்றிப் புதிய கடவுச்சீட்டுடன் வந்தவர்களும் அகப்பட்டனர். சிலர் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை ஊற்றிக்கொண்டு வந்தனர். கண்மணி எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதை அளந்து அதனையும் பிடித்துவிட்டார்கள். வேறு பெயரில் கடவுச்சீட்டு எடுத்துத் தருவதாகக் கூறும் முகவரிடம் உம்மாவின் நகையை விற்றுக் கொடுக்கும் வாலிபரே, அது பொய்ச் சாட்சியம் என்ற பாவம் ஒருபுறமிருக்க, அந்தப் பணமும் போய்விடும்.

இனி, ஒரு சகோதரியின் வரலாற்றைக் கேளுங்கள். 1984இல் பாகிஸ்தானின் நாஸிர் பாக் அகதி முகாமில் ஆப்கானியச் சிறுமி ஒருத்தியை ஸ்டீவ் மக்கறி படம்பிடித்தார். 1985 ஜூன் மாத நேஷனல் ஜியோகிரஃபிக் சஞ்சிகையின் அட்டையில் வந்த அந்தப் பச்சை விழிகளை உலகமே பார்த்தது. பெயர் எவருக்கும் தெரியாது. 2002இல் அவரைத் தேடிக் கண்டுபிடித்தபோது, பழைய படத்தையும் புதிய படத்தையும் டோக்மன் ஒப்பிட்டு, அதே கண்களே என உறுதிசெய்தார். ஷர்பத் குலா என்ற பெயரை உலகம் அறிந்தது. 2016இல் அதே ஷர்பத் குலாவை, பொய்யான பாகிஸ்தானிய அடையாள அட்டை வைத்திருந்தார் என்று பெஷாவரில் கைதுசெய்து ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பினர். பின்னர் 2021இல் இத்தாலி அடைக்கலம் அளித்தது.

அவர் அதே ஆள்தான் என்று கண் சாட்சி சொன்னது. அவர் எந்த ஊருக்கு உரியவர் என்று கண் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாது. அதனை எழுதுபவன் மனிதன்.

அந்த ஆப்கானியரிடையே இரண்டு விதமான பதிவேடுகள் இருந்தன. 2002இல் பாகிஸ்தானிலிருந்து தாயகம் திரும்பியோருக்கு உதவித்தொகை வழங்கிய ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயம், ஒருவரே பல தடவை பெறுவதைத் தடுக்கக் கண்ணைச் சோதித்தது. அப்பதிவில் பெயரோ கோத்திரமோ சேர்க்கப்படவில்லை. "இக்கண் முன்னர் வந்ததா?" என்ற ஒன்றை மட்டுமே அது அறியும். அமெரிக்கப் படையினரோ கையடக்கக் கருவிகளில் கண், விரல், முகம் ஆகியவற்றோடு ஆளின் விபரங்களையும் சேர்த்துப் பதிந்தனர். 2021 ஓகஸ்ட்டில் காபூல் கைமாறியபோது, அக்கருவிகளிற் சில தாலிபான்களிடம் சிக்கியதாகச் செய்திகள் வந்தன. முன்னைய அரசில் பணியாற்றியோர் அஞ்சி நடுங்கினர். பெயரை மாற்றலாம், தாடியை வளர்க்கலாம், கண்ணை என்ன செய்வது? பதிந்தவர் போய்விடுகிறார், பதிவு மிஞ்சுகிறது. அது அடுத்து யார் கைக்குப் போகும் என்பதைப் பதியும் நாளில் எவராலும் கூற முடியாது.

யாழ்ப்பாணத்து முஸ்லிம்களாகிய நமக்கு இதனை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, ஒஸ்மானியாக் கல்லூரியை அடுத்த ஜின்னா மைதானத்திற்கு நமது மக்களை அழைத்து, இரண்டு மணி நேரத்தில் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். அந்நாட்களில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டோர் சுமார் 75,000 பேர். என் தலைமுறை புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் வளர்ந்தது. உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பாடசாலைச் சான்றிதழ் என எத்தனையோ வீட்டோடு போயின. மீளக் குடியேற வந்தபோது, "நீங்கள் புத்தளத்தில் பதிந்தவர்களல்லவா?" என்று இங்கு கேட்டார்கள்; "நீங்கள் யாழ்ப்பாணத்தவர்களல்லவா?" என்று அங்கு கேட்டார்கள். சோனகத் தெருவில் மூன்று தலைமுறை வாழ்ந்த கண்களே அவை என்று எந்தக் கருவியும் சாட்சி சொல்லியிராது. கண்ணில் ஊர் எழுதப்பட்டிருப்பதில்லை.

ஆதலால் இம்முறையை முற்றாக வெறுக்கவும் வேண்டாம். தமிழ்நாட்டு நியாய விலைக் கடைகளில், வேலையால் விரல் ரேகை தேய்ந்த முதியோர் வெறுங்கையுடன் திரும்பாதிருக்கக் கண் பார்க்கும் கருவி அண்மைய ஆண்டுகளில் கொண்டுவரப்பட்டது. அது நன்மையே. அட்டையைத் தொலைத்த ஏழைக்கும் கண் தொலைவதில்லை. அதேவேளை, இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்க ஆளுக்குரிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய உடல் தரவுகளை விசேட வகையாகக் கொள்கிறது. பதியும் இடத்தில், எதற்காகப் பெறுகிறீர்கள், யாருடன் பகிர்வீர்கள் என்று பணிவுடன் வினவுவது குற்றமாகாது. பிறர் வீட்டினுள் நோக்குவதற்கே அனுமதி கேட்கக் கற்பித்த மார்க்கத்தில் வளர்ந்தவர்கள் நாம்.

பெற்றோர்களே, அதற்கு முன்னர் செய்ய வேண்டிய வேலையொன்று வீட்டிலேயே இருக்கிறது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் முஹம்மது, அடையாள அட்டையில் மொஹமட், பாடசாலை இடாப்பில் முஹம்மத் என்று நமது பிள்ளைகளின் பெயர் மூன்று விதமாகக் கிடக்கிறது. பிறந்த இடமும் சில பத்திரங்களில் பிழையாக உள்ளது. பிழையான எழுத்தோடு கண் பிணைக்கப்பட்டால், பின்னர் திருத்துவது கடினம். 1990இல் தொலைத்த பத்திரங்களின் பிரதிகளுக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் நிரந்தர வதிவிடத்தை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத மூத்தம்மாக்களுக்குப் படிவத்தை வாசித்துக் காட்டும் பணியை நமது பள்ளிவாசல்களின் வாலிபர்கள் ஜும்ஆவுக்குப் பிறகு பொறுப்பேற்கலாம்.