ரத்தக் கொழுப்பு: பயம் வேண்டாம், கணக்கு வேண்டும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நானும் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவள்தான். அம்மா தார் சுற்றுவார், அப்பா தறிக்குழியில் இருப்பார். பிறகு நர்சிங் படித்து, அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றேன். உடம்பைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று தலைவி கேட்டார். பிரஷரும் சுகரும் நீங்கள் நிறைய கேட்டுவிட்டீர்கள். அதனால் அவற்றோடு சேர்ந்தே வரும் ஆனால் நாம் கண்டுகொள்ளாத ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன். ரத்தத்தில் இருக்கும் கொழுப்பு, அதாவது கொலஸ்ட்ரால்.

நம் ஊரில் கொழுப்பு என்றாலே திட்டுகிற வார்த்தை. "அவளுக்குக் கொழுப்பு ஜாஸ்தி" என்போம். அதனால்தானோ என்னவோ, டெஸ்ட் எடுக்கச் சொன்னால் ஒல்லியாக இருக்கிற பெண்கள் சிரிக்கிறார்கள். "எனக்கு ஏதுக்கா கொழுப்பு? எலும்புதான் இருக்கு" என்பார்கள். உடம்பில் தெரிகிற சதை வேறு, ரத்தத்தில் ஓடுகிற கொழுப்பு வேறு. ஒல்லியானவர்களுக்கும் அது கூடும். கூடினால் வலிக்காது, தலை சுற்றாது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும்.

இது யாருக்கோ வருகிற நோய் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் முன்னின்று நாடு முழுவதும் ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். 1,13,000-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். வயது வந்தவர்களில் 81 சதவீதம் பேருக்கு ரத்தக் கொழுப்பு வகைகளில் ஏதாவது ஒன்றாவது சரியான அளவில் இல்லை. 24 சதவீதம் பேருக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் அதிகம். பன்னிரண்டு பேர் உட்காரும் ஒரு குழுக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பத்துப் பேருக்கு ஏதோ ஒரு குறை, மூன்று பேருக்குக் கொலஸ்ட்ரால் அதிகம் என்ற கணக்கு வருகிறது.

கொலஸ்ட்ரால் கெட்ட பொருள் இல்லை. செல்களின் சுவருக்கு அது வேண்டும், பெண்மைக்கான ஹார்மோன் செய்யவும் அது வேண்டும். அதில் பெரும்பகுதியை நம் கல்லீரலே தயாரிக்கிறது. கல்லீரலை நம் சங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கம் கடன் கொடுக்கிறது, திரும்ப வசூலிக்கிறது. கொலஸ்ட்ராலை உடம்புக்கு எடுத்துப் போவது எல்டிஎல். வேலை முடிந்த எல்டிஎல்லைத் திரும்பப் பிடித்து உள்ளே வாங்க, கல்லீரலின் மேல் வசூல் கவுண்டர்கள் மாதிரி சில புரதங்கள் இருக்கின்றன. இதைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்களுக்கு 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. கவுண்டர் குறைந்தால் வசூல் குறையும், நிலுவை ஏறும். அந்த நிலுவை ரத்தக் குழாயின் சுவருக்குள் புகுந்து, வருஷக்கணக்கில் படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடித்து, மேலே ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் மாரடைப்பு. மூளைக்குப் போகும் குழாயில் நடந்தால் பக்கவாதம். எவ்வளவு அதிகம் என்பது மட்டும் அல்ல, எத்தனை வருஷமாக அதிகம் என்பதும் முக்கியம். வட்டி ஏறுவது மாதிரிதான்.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1973-ல் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருள் ஒன்றைக் கண்டுபிடித்தார். அரிசியில் பிடித்த ஒரு நீலப் பச்சைப் பூஞ்சையிலிருந்துதான் அது கிடைத்தது. அந்த வழியில் வந்தவைதான் ஸ்டேட்டின் மாத்திரைகள். இன்று டாக்டர் எழுதிக் கொடுக்கும் அட்டர்வாஸ்டேட்டினும் ரோசுவாஸ்டேட்டினும் அந்தக் குடும்பம். இவை கல்லீரலின் சொந்த உற்பத்தியைக் குறைக்கும். உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் கூடுதல் கவுண்டர்களைத் திறந்து, ரத்தத்தில் இருக்கும் எல்டிஎல்லை வசூலிக்கும். எல்டிஎல் ஏறக்குறைய 40 அளவு குறைந்தால், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது.

"அதெல்லாம் ஆம்பளைங்களுக்குப் பார்த்ததுதானே?" என்று ஒரு தங்கை என்னைக் கேட்டாள். நியாயமான கேள்வி. முன்பு ஆராய்ச்சிகளில் பெண்களைக் குறைவாகத்தான் சேர்த்தார்கள். ஆனால் 2015-ல் 27 பரிசோதனைகளின் தகவலை ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். அதில் 1,74,000 பேர் இருந்தார்கள், நாலில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள். ஒரே அளவு ஆபத்துள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் ஸ்டேட்டின் தரும் பலன் ஏறக்குறைய ஒன்றே என்று தெரிந்தது.

இனி ரொம்ப முக்கியமான விஷயம். மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது. நம் பெண்கள் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, "நார்மல் ஆயிடுச்சு, அதான் நிறுத்திட்டேன்." அம்மா, மாத்திரை சாப்பிட்டதால்தான் நார்மல். நிறுத்தினால் சில வாரங்களில் பழையபடி ஏறிவிடும். இரண்டாவது, "மாத்திரை போட்டா கால் குடையுதுக்கா." தறிக்குழியில் நாள் முழுக்க மிதி மிதிக்கிறவளுக்கு, குனிந்து இழை சேர்க்கிறவளுக்கு, மாத்திரை இல்லாமலே காலும் இடுப்பும் வலிக்கும். லண்டனில் இதையே சோதித்தார்கள். உபாதை என்று ஸ்டேட்டினை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதம் உண்மையான மாத்திரை, சில மாதம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, சில மாதம் ஒன்றும் இல்லை. எது எது என்று சொல்லவில்லை. 2020-ல் முடிவு வந்தது. ஸ்டேட்டினில் தெரிந்த உபாதையில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் இருந்தது. வலி பொய் என்று நான் சொல்லவில்லை. வலி நிஜம், காரணம் பல நேரம் மாத்திரை இல்லை. சிலருக்கு உண்மையிலேயே மாத்திரையால் தசைவலி வரும். சிலருக்குச் சுகர் கொஞ்சம் ஏறும். அப்போது அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம். அதை டாக்டர் செய்யட்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கர்ப்பமாக இருக்கிறவர்கள், குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள், தாய்ப்பால் கொடுக்கிறவர்கள் மட்டும் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பொதுவாக அந்தக் காலத்தில் ஸ்டேட்டினை நிறுத்தி வைப்பார்கள்.

ஸ்டேட்டின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் புது வழிகள் வந்திருக்கின்றன. குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் எசட்டிமைப் முன்பே இருக்கிறது. பெம்பிடோயிக் அமிலம் என்ற மாத்திரையை, ஸ்டேட்டின் சேராத ஏறக்குறைய 14,000 பேரிடம் சோதித்தார்கள். அதில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பெண்கள். இதய நோய்ப் பாதிப்புகள் 13 சதவீதம் குறைந்தன என்று 2023-ல் தெரிந்தது.

இன்னொரு பெரிய கண்டுபிடிப்பு 2003-ல் பிரான்சில் நடந்தது. நான் சொன்ன வசூல் கவுண்டர்களை அழித்துவிடும் ஒரு புரதம் நம் உடம்பிலேயே இருக்கிறது. பிசிஎஸ்கே9 என்று பெயர். சில குடும்பங்களில் அது அளவுக்கு மேல் வேலை செய்வதால் கொலஸ்ட்ரால் எகிறுகிறது. பிறவியிலேயே அது சரியாக வேலை செய்யாத சிலருக்கோ எல்டிஎல் மிகக் குறைவு, மாரடைப்பும் குறைவு. அப்படியானால் அந்தப் புரதத்தை அடக்கினால் என்ன என்று யோசித்தார்கள். 2015-ல் அதற்கான ஊசிகள் வந்தன. இரண்டு வாரத்துக்கு அல்லது மாதத்துக்கு ஒரு தடவை போடுவது. பிறகு இன்க்ளிசிரான் என்ற ஊசி வந்தது. முதல் ஊசி, மூன்று மாதத்தில் இரண்டாவது, அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒன்று. எல்டிஎல்லை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது. இந்தியாவிலும் கிடைக்கிறது. விலை மட்டும் நெசவுக் கூலிக்கு எட்டாதது. ஆனால் பயப்படாதீர்கள், நம்மில் பெரும்பாலோருக்கு அந்த ஊசி தேவையே இல்லை. அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தரும் அட்டர்வாஸ்டேட்டினே போதும், ஒழுங்காகச் சாப்பிட்டால்.

அந்த மாத்திரை எவ்வளவு வலுவானது என்பதற்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். 2023-ல் தமிழ்நாடு அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே 14 மாத்திரைகள் தருகிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டர்வாஸ்டேட்டின் 8. நெஞ்சு அழுத்தம், தாடை அல்லது முதுகு வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சு வாங்குதல் வந்தால் வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துப் படுத்துவிடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு ஓடுங்கள்.

அடுத்து, குடும்பம். சில வீடுகளில் எல்டிஎல் பிறவியிலேயே அதிகம். ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இந்தக் குறை இருக்கிறது. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் சிறுவயதிலேயே மாரடைப்பு வரலாம். மாமன் மகன், அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்திலேயே பெண் கொடுத்து எடுப்பது நம்மிடம் வழக்கம். ஒரே குடும்பத்தில் ஓடும் குறை இரண்டு பக்கமும் சேர அங்கே வாய்ப்பு கூடுகிறது. அதனால் வீட்டில் ஆண்களுக்கு 55 வயதுக்குள்ளோ, பெண்களுக்கு 65 வயதுக்குள்ளோ மாரடைப்பு வந்திருந்தால், மற்ற எல்லோரும், குழந்தைகள் உட்பட, ரத்தம் பார்க்க வேண்டும். கண் இமையில் மஞ்சள் தடிப்பு, குதிகாலுக்கு மேல் நரம்பில் கட்டி மாதிரி தடிப்பு இருந்தால் சாமி குத்தம் என்று விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

2024-ல் இந்திய இதயவியல் சங்கம் நம் நாட்டுக்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. 18 வயதிலேயே முதல் பரிசோதனை செய்துவிடச் சொல்கிறார்கள். வெறும் வயிற்றோடு இருக்கத் தேவையில்லை, சாப்பிட்டுவிட்டே ரத்தம் கொடுக்கலாம். ட்ரைகிளிசரைடு மிக அதிகமாக வந்தால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி பார்ப்பார்கள். 'பட்டினியாகப் போய் நின்றால் அரை நாள் கூலி போகும்' என்ற கவலை இனி வேண்டாம். லிப்போபுரோட்டீன் (ஏ) என்று ஒன்று உண்டு. அது பரம்பரையாக வருவது, நம் நாட்டவரிடம் அதிகம். அதையும் வாழ்நாளில் ஒரு தடவையாவது பார்க்கச் சொல்கிறார்கள்.

அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள். எல்டிஎல் பொதுவாக 100-க்குக் கீழ். சுகர், பிரஷர் போன்றவற்றால் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு 70-க்குக் கீழ். மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கு 55-க்குக் கீழ். இன்னொரு எளிய கணக்கும் உண்டு. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழியுங்கள். மொத்தம் 210, எச்டிஎல் 40 என்றால் மிச்சம் 170. அது 130-க்குக் கீழ் இருக்க வேண்டும். மாதாமாதம் வரவு செலவு எழுதுகிற நமக்கு இந்தக் கழித்தல் பெரிய வேலையா? எச்டிஎல்லை மாத்திரையால் ஏற்றிப் பார்த்தார்கள், மாரடைப்பு குறையவில்லை. ஆகவே எச்டிஎல் நன்றாக இருக்கிறது என்று எல்டிஎல்லை விட்டுவிடக் கூடாது.

மாதவிடாய் நிற்கும் காலம் நமக்கு முக்கியம். கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓராண்டில் எல்டிஎல் வேகமாக ஏறும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நாற்பதுகளில் இருக்கும் அக்காக்கள் ஒரு தடவை கட்டாயம் பாருங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம். 'கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்' என்ற விளம்பரத்தில் மயங்காதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. அளவுதான் முக்கியம். காய்ந்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். மூன்று வேளையும் சோறு, இனிப்பு என்று இருந்தால் ட்ரைகிளிசரைடு ஏறும். சோற்றைக் குறைத்துச் சுண்டல், கொள்ளு, கீரை, காய் கூட்டுங்கள். மிளகு சீரகம் போட்ட நம் கோயில் இட்லி ஆவியில் வேகிற பண்டம், அதற்குத் தடை இல்லை, நெய்யில் மட்டும் கை அளவாக இருக்கட்டும். பலகாரம் செய்து விற்கும் குழுக்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணெய், வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் சட்டம் இருக்கிறது. மலிவு டின்னை வாங்கும் முன் லேபிளைப் படியுங்கள். நம் பலகாரத்தை நம் பிள்ளைகளும்தான் சாப்பிடுகிறார்கள்.

கடைசியாகக் கூட்டமைப்புக்கு மூன்று கோரிக்கை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது, வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்களை நம் சுய உதவிக் குழுக்களிலிருந்துதான் எடுத்தார்கள். பிரஷர், சுகர் பார்க்க அந்தத் தங்கை வரும்போது, கொழுப்புக்கு எங்கே ரத்தம் கொடுக்கலாம் என்று அவளிடம் கேளுங்கள். இது முதல் கோரிக்கை. இரண்டாவது, ஒவ்வொரு குழுவும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, யார் யார் டெஸ்ட் எடுத்தார்கள் என்று மட்டும் எழுதட்டும். அளவு அவரவர் சொந்த விஷயம், அதை எழுத வேண்டாம். மூன்றாவது, மாதக் கூட்டத்தில் தவணை கேட்கும்போது, "மாத்திரை தீராம இருக்கா?" என்றும் ஒரு தடவை கேளுங்கள்.

ஒரு உறுப்பினர் தவணை தவறினால் குழுவே அவள் வீட்டு வாசலில் போய் நிற்கிறோம். என்ன கஷ்டம் என்று கேட்டு, வழி செய்து, கணக்கை நேராக்குகிறோம். அவள் மாத்திரையை நிறுத்தினாலும் அதே மாதிரி போய் நில்லுங்கள்.