குளத்தில் தொடங்கும் கோணி



அன்றாடப் பொருள்கள் எப்படி உருவாகின்றன என்று ஆராயக் கூடியிருக்கிறோம். சோப்பு, காகிதம், கண்ணாடி, செங்கல் என்று பல பொருள்களைப் பற்றிய கட்டுரைகள் இந்த இரண்டு நாளில் வரவிருக்கின்றன. கூடியிருக்கும் ஊர் கொல்கத்தா என்பதால், தலைமை உரையில் ஒரே ஒரு பொருளைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறேன். அது கோணி. நம் வீடுகளில் அரிசியோடு வந்து இறங்கியது. காலியான பிறகு வாசலில் கால்மிதியாகக் கிடந்தது. கிழிந்தால் பாட்டி கோணி ஊசி எடுத்துத் தைத்தாள். அதற்கு மேல் அதைப் பற்றி நாம் யோசித்ததில்லை.

முதலில் ஒரு சொல் சிக்கல். கோணி சணலில் ஆனது என்கிறோம்; ஆனால் தமிழில் சணல் என்றால் எந்தச் செடி? நம் ஊரில் பசுந்தாள் உரமாக மடக்கி உழும் சணப்பை வேறு. அதன் நாரில்தான் முன்பு கயிறு திரித்தார்கள். வங்காளத்தின் ஆற்றோர வயல்களில் ஆளுயரத்தைத் தாண்டி வளரும் செடி வேறு; கோணி அதன் நாரில் நெய்வது. வங்காளிகள் முன்னதை ஷொண் என்றும் பின்னதை பாட் என்றும் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறார்கள். நாம் இரண்டையும் சணல் என்றே எழுதிவிட்டோம். பழைய தமிழ்ப் பதிவுகளில் சணல் என்று கண்டதும் கொல்கத்தாவை நினைத்துவிடாதீர்கள் என்று இளைய ஆய்வாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இது ஆவணி மாதம். இந்நேரம் நதியாவிலும் முர்ஷிதாபாத்திலும் பாட் அறுவடை நடந்துகொண்டிருக்கும். அறுத்த தண்டுகளைக் கட்டுக்கட்டாகக் குளத்திலும் ஓடையிலும் அமிழ்த்தி வைப்பதை அங்கே ஜாக் போடுவது என்கிறார்கள். குமரி மாவட்டத்தில் தேங்காய் மட்டையை ஊறப்போடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வாடையை நான் விளக்க வேண்டியதில்லை. மட்டைக்கு மாதக்கணக்கு வேண்டும். பாட்டுக்கு இரண்டு, மூன்று வாரம் போதும். தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்கள் பட்டையையும் உள்தண்டையும் பிணைத்திருக்கும் பெக்டினைத் தின்று கரைக்கின்றன. பிறகு இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு நாரை உருவி அலசுகிறார்கள்.

எப்போது உருவுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பருத்தி இழை ஒரே உயிரணு; இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் நீளும். பாட் நாரில் ஓர் உயிரணுவின் நீளம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான். அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான அணுக்கள் லிக்னினாலும் பிற பசைகளாலும் ஒட்டிக்கொண்டுதான் ஆளுயர நாராகின்றன. ஊறல் குறைந்தால் பட்டை ஒட்டிக்கொண்டே வரும். மிஞ்சினால் நாரைச் சேர்த்துப் பிடிக்கும் பசையும் போய், கையில் அற்றுவிடும். இரண்டு நாள் தவறினாலே தரம் இறங்கும், விலை சரியும்.

ஆய்வு தொடங்கிய காலத்தில் வெப்பமானியும் குறிப்பேடுமாக நதியாவில் ஒரு குளக்கரையில் நின்றேன். வயதான விவசாயி ஒருவர் கட்டிலிருந்து ஒரு தண்டை இழுத்து, அடியில் ஒடித்து, கட்டைவிரலால் நாரைத் தள்ளிப் பார்த்தார். "இன்னும் இரண்டு நாள்" என்றார். தண்ணீரின் சூட்டை நான் அன்று எழுதிவைத்தேன். அவர் விரல் என்ன உணர்ந்தது என்று கேட்டு எழுதவில்லை. அந்த விடுபாடு இன்றும் என்னை உறுத்துகிறது.

கட்டுகள் மிதக்காமலிருக்க மேலே சேற்றையும் வாழைத்தண்டையும் ஏற்றுவார்கள். செலவில்லாத வழி. ஆனால் சேற்றிலுள்ள இரும்பும் டானினும் சேர்ந்து நாரைக் கறுக்கச் செய்கின்றன. பரக்பூரிலுள்ள மத்திய சணல் ஆராய்ச்சி நிலையம் இதற்கென்றே நுண்ணுயிர்த் தூள் ஒன்றை உருவாக்கியது. அதைத் தூவினால் ஊறும் நாளும் குறைகிறது, நிறமும் தெளிகிறது. கொல்கத்தாவின் ஆய்வுக்கூடங்கள் செய்த வேலைகளில் நான் மிகவும் மதிக்கும் ஒன்று இது.

ஆலைக் கதை உங்களுக்குத் தெரிந்ததே, சுருக்கிக்கொள்கிறேன். ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்து இயந்திரங்களில் இந்த முரட்டு நார் முதலில் ஓடவில்லை. டண்டி திமிங்கில வேட்டைத் துறைமுகம். திமிங்கில எண்ணெயும் தண்ணீரும் தெளித்து ஊறவைத்தபோது நார் வளைந்துகொடுத்தது. 1855இல் ஜார்ஜ் ஆக்லண்ட் ஹூக்ளி ஆற்றங்கரை ரிஷ்ராவில் முதல் நூற்பு ஆலையைத் தொடங்கினார். அவர் அதற்கு முன் இலங்கையில் காப்பித் தோட்டத் தொழிலில் இருந்தவர். 1859இல் பராநகரில் விசைத்தறிகள் வந்தன. அரை நூற்றாண்டு போல் கழிந்ததும் ஹூக்ளிக் கரை டண்டியை முந்திவிட்டது. முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளுக்கு மணல்மூட்டையாகப் போனதும் இந்தச் சாக்குதான். 1947 பிரிவினையில் ஆலைகள் இந்தப் பக்கமும் நல்ல பாட் விளையும் வயல்களில் பெரும்பகுதி அந்தப் பக்கமுமாகப் பிரிந்தன. மேற்கு வங்க விவசாயிகள் நெல் வயல்களைப் பாட்டுக்குத் திருப்பியது அதன் பிறகுதான்.

அந்த எண்ணெயிடம் மட்டும் சற்று நிற்க வேண்டும். திமிங்கிலம் போய், பெட்ரோலியத்திலிருந்து எடுத்த எண்ணெய் வந்தது. சாக்கை முகர்ந்தால் மண்ணெண்ணெய் போல் வருமே, அந்த வாடை. காப்பியும் கோகோவும் வாங்கும் நாடுகள் அந்த எண்ணெய் உணவில் ஏறுகிறது என்று இந்தச் சாக்குகளை மறுத்தன. 1998இல் உணவுப் பைகளுக்கென்று தனி வரையறை வந்தது. தாவர எண்ணெய்க்கு மாற வேண்டியதாயிற்று. இன்று அதற்குத் தவிட்டெண்ணெய் பயன்படுகிறது. நெல்லின் தவிட்டில் எடுத்த எண்ணெய், அரிசி சுமக்கும் பையின் நாரை மென்மையாக்குகிறது. 580 கிராம் எடையுள்ள அந்தப் பை 50 கிலோ தானியத்தைத் தாங்கி நம் ரேஷன் கடை வரை வருகிறது.

இதையெல்லாம் சொன்னதற்குக் காரணம் உண்டு. கொல்கத்தாச் சணல் ஆலைத் தொழிலாளர் பற்றி 1989இல் நூல் எழுதிய தீபேஷ் சக்ரவர்த்தி, அவர்களுடைய வாழ்நிலை பற்றி ஆவணங்களில் நிலவும் மௌனத்தையே ஓர் ஆய்வுப் பொருளாக்கினார். ஆலைக்குள்ளேயே அந்த மௌனம் என்றால், குளத்தில் நின்றவர்களைக் கேட்கவே வேண்டாம். மேலாளர் கணக்கு காப்பகத்தில் கிடைக்கிறது. எத்தனையாம் நாளில் தண்டை ஒடித்துப் பார்ப்பது, மழை பிந்திய ஆண்டில் என்ன செய்வது என்பதெல்லாம் சிலருடைய கையில் மட்டும் இருக்கிறது. இந்த ஆய்வரங்கில் வரும் ஒவ்வொரு கட்டுரையிலும் சோப்புக் காய்ச்சுபவரோ செங்கல் சூளை வைப்பவரோ தம் வேலைக்குச் சொல்லும் சொற்கள் இடம்பெற வேண்டும் என்பது தலைவர் என்ற முறையில் நான் வைக்கும் ஒரே வேண்டுகோள்.

முதல் அமர்வுக்கு முன் ஒன்று. வாசல் மேசையில் மூன்று நார்க்கட்டுகள் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்று ஊறல் குறைந்தது, ஒன்று மிஞ்சியது, ஒன்று சரியாக ஊறியது. மேலே சீட்டு எதுவும் ஒட்டவில்லை. தேநீர் இடைவேளையில் போய்க் கையால் உருவிப் பாருங்கள்.