ருமைஸா (ரலி) கேட்ட மஹர்

(தருமபுரி மாவட்டத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





ஸஹாபிப் பெண்மணி ஒருவரைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். அன்னை கதீஜா (ரலி), அன்னை ஆயிஷா (ரலி), ஃபாத்திமா நாயகி (ரலி) ஆகியோரின் வரலாறுகளை நீங்கள் பல மேடைகளில் கேட்டிருப்பீர்கள். அவ்வளவாகப் பேசப்படாத ஒருவரை இன்று எடுத்துக்கொள்கிறேன். அவர்தான் உம்மு ஸுலைம் (ரலி). மதீனத்து அன்ஸாரிப் பெண்மணி, கஸ்ரஜ் கோத்திரத்தில் பனூ நஜ்ஜார் குடும்பத்தவர், மில்ஹானின் மகள். ருமைஸா என்றும் அழைக்கப்பட்டார்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வருமுன்பே ருமைஸா இஸ்லாத்தை ஏற்றார். கணவர் மாலிக் ஏற்கவில்லை. மனைவி தம் சின்னஞ்சிறு மகனுக்குக் கலிமா சொல்லிக் கொடுப்பதைக் கண்டு கோபித்தார். வீட்டைவிட்டு ஷாம் நாட்டுக்குப் போனவர் வழியில் கொல்லப்பட்டார். கையில் ஒரு பிள்ளையோடு ருமைஸா விதவையானார்.

அந்த நிலையில் அவரைப் பெண் கேட்டு வந்தவர் யார் தெரியுமா? அபூதல்ஹா! மதீனத்து அன்ஸாரிகளில் பேரீச்சந்தோட்டம் அதிகம் உள்ளவர் என்று புகாரியில் சொல்லப்படும் செல்வந்தர். குறி தவறாத வில்லாளி. ஆனால் அன்று அவர் முஸ்லிமல்லர். ஆதரவற்ற ஒரு விதவை அந்த இடத்தில் என்ன நினைப்பாள்? "கிடைத்தது பாக்கியம்" என்று நினைப்பாள். ருமைஸா அப்படி நினைக்கவில்லை. உங்களைப் போன்றவரை மறுக்க முடியாதுதான், ஆனால் நீங்கள் இஸ்லாத்தில் இல்லை, நானோ முஸ்லிம். நீங்கள் இஸ்லாத்தை ஏற்றால் அதுவே எனக்கு மஹர், வேறெதுவும் கேட்கமாட்டேன் என்ற கருத்தில் பதில் சொன்னார். அபூதல்ஹா இஸ்லாத்தை ஏற்றார். நிக்காஹ் நடந்தது. இதைவிடச் சிறந்த மஹரைத் தாம் கேள்விப்பட்டதே இல்லை என்று இச்செய்தியை அறிவிக்கும் தாபித் சொன்னதை நஸாயீயில் காணலாம்.

சகோதரர்களே! இங்கே சற்று நின்று கவனியுங்கள். அந்தச் சபையில் நிபந்தனை போட்டது யார்? பெண்! கொடுக்க வேண்டியவராக நின்றது யார்? மாப்பிள்ளை! திருக்குர்ஆன் 4:4 வசனம் பெண்களுக்கு மஹரை மனமுவந்து கொடுக்கும்படி ஆண்களுக்குத்தான் கட்டளையிடுகிறது. வாங்கும்படி ஆணுக்கு எங்கே கட்டளை இருக்கிறது? நாம் இந்தத் திசையையே மாற்றிவிட்டோம். கைக்கூலி என்கிறோம், சீர் என்கிறோம், உருது பேசும் வீடுகளில் ஜஹேஸ் என்கிறோம். பெயர் எதுவானாலும் பணம் போகிற பாதை ஒன்றுதான். நிக்காஹ் தஃப்தரில் மஹர் ஆயிரத்தொரு ரூபாய் என்று எழுதுகிறோம். எழுதாத கணக்கில் நாற்பது பவுனும், மோட்டார் சைக்கிளும், ரொக்கமும் கை மாறுகின்றன. ஆயிரம் கொடுத்து இலட்சம் வாங்குகிறவன் மஹர் கொடுத்தவனா, விலை வாங்கியவனா? சிந்தியுங்கள்!

சிலர் ஃபாத்திமா நாயகிக்கே நபியவர்கள் சீர் கொடுத்தார்களே என்பார்கள். கொடுத்த பட்டியலைப் பாருங்கள். ஒரு போர்வை, ஒரு தோல் துருத்தி, இத்கிர் புல் திணித்த ஒரு தலையணை. அலீ (ரலி) அவர்கள் கேட்டா கொடுத்தார்கள்? இல்லை. அவர்களோ தம் போர்க்கவசத்தையே மஹராகக் கொடுத்தார்கள். இதைக் காட்டி மாமனாரிடம் கார் கேட்பது நியாயமா?

"நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகவே போடுகிறார்கள்" என்பது அடுத்த வாதம். பேச்சுவார்த்தையில், "எங்கள் மூத்த மருமகள் ஐம்பது பவுனோடு வந்தாள்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிப்பதற்குப் பெயர் கேட்காமலிருப்பதா?

ருமைஸாவின் வீடு எப்படி விளங்கியது என்பதையும் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது மகன் அனஸுக்குப் பத்து வயது. அவரை அழைத்துப் போய் நபியவர்களின் பணிவிடைக்கு ஒப்படைத்தார் அந்தத் தாய். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் 2286 ஹதீஸ்களை அறிவித்த இமாம் அனஸ் பின் மாலிக் (ரலி)! உஹதுப் போரில் ருமைஸா, அன்னை ஆயிஷாவோடு தோல் துருத்திகளில் தண்ணீர் சுமந்து காயம்பட்டவர்களுக்கு ஊட்டினார். ஹிஜ்ரி 8-ல் நடந்த ஹுனைன் போரில் தற்காப்புக்காகக் குத்துவாளோடு நின்றார். அதைக் கண்டு நபியவர்கள் சிரித்தார்கள் என்று முஸ்லிம் நூல் கூறுகிறது. மார்க்கச் சட்டம் தெரிய வேண்டுமென்றால், மற்றவர்கள் கேட்கக் கூசும் கேள்வியையும் நபியவர்களிடம் நேரில் கேட்டார்.

ஒருநாள் அபூதல்ஹா வெளியே போயிருந்தபோது அவர்களுடைய நோயுற்ற பிள்ளை இறந்துபோனது. இரவு களைத்து வந்த கணவருக்கு முதலில் உணவளித்து ஓய்வெடுக்க வைத்தார். பிறகு, இரவல் கொடுத்தவர் தம் பொருளைத் திரும்பக் கேட்டால் மறுக்கலாமா என்று கேட்டு, அதன் பின்னரே செய்தியைச் சொன்னார். மறுநாள் நபியவர்கள் அவ்விருவருக்கும் பரக்கத் வேண்டி துஆச் செய்தார்கள். பிறகு பிறந்த மகன் அப்துல்லாஹ். அந்த வழியில் குர்ஆன் ஓதிய ஒன்பது பிள்ளைகளைக் கண்டதாக ஓர் அன்ஸாரி சொன்னதைப் புகாரி பதிவு செய்கிறார். அபூதல்ஹாவோ, தமக்கு மிகப் பிரியமான பைருஹா தோட்டத்தையே அல்லாஹ்வுக்காகக் கொடுத்தார். பொன்னும் பொருளும் பேசாமல் தொடங்கிய குடும்பத்தில் எந்தக் குறையும் வரவில்லை!

இனி நம் ஊர் நிலவரத்துக்கு வருகிறேன். பெண் சிசுக்கொலை என்றால் ஒரு காலத்தில் பத்திரிகைகள் எழுதிய பெயர்களில் நமது தருமபுரியும் ஒன்று. 1992-ல் சேலத்தில் தமிழக அரசு தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் இங்கும் வந்தது. பெண்ணைப் பெற்றால் கட்டிக்கொடுக்க முடியாது என்ற அச்சம் அந்தக் கொடுமைக்கு ஒரு பெரிய காரணம். உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தைக்காக மறுமையில் விசாரணை உண்டு என்று திருக்குர்ஆனின் 81-வது அத்தியாயம் எச்சரிக்கிறது. இந்த மண்ணில் வாழும் நாம், அந்த அச்சத்தை வளர்க்கிற எந்த வழக்கத்திலும் பங்கு சேரலாமா?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் படியில் துண்டை விரித்து ஒரு தகப்பன் நிற்கிறார். கையில் ஜமாஅத் கடிதம். "குமர் காரியம், உதவி செய்யுங்கள்" என்கிறார். நாமும் போடுகிறோம். வியாபாரிகள் ஜகாத்திலிருந்தும் கொடுக்கிறார்கள். அந்தப் பணம் கடைசியில் யார் கையில் சேருகிறது? திடகாத்திரமான, சம்பாதிக்கிற ஒரு மாப்பிள்ளையின் கையில்! ஜகாத் வாங்கத் தகுதியில்லாதவன் வீட்டுக்கு ஏழைத் தகப்பனைத் தூதனாக்கி நாமே ஜகாத்தை அனுப்பிவைக்கிறோம். கொடுப்பதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தகப்பன் என்ன செய்வார்? அவரைப் படியில் நிறுத்தியவனைத் தட்டிக் கேளுங்கள் என்கிறேன்.

நாட்டின் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1961-ம் வருட வரதட்சணைத் தடுப்புச் சட்டப்படி வாங்குவதும் கொடுப்பதும் குற்றம். ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத் தண்டனை சொல்லப்பட்டுள்ளது. அதே சட்டம் நம்முடைய மஹரை வரதட்சணை அல்ல என்று விலக்கியும் வைத்திருக்கிறது. ஷரீஅத்தைக் காக்க வேண்டும் என்று ஊர்வலம் போகிற நாம், அதை முதலில் நம் கல்யாண மண்டபத்தில் காக்க வேண்டாமா?

எனவே மூன்று வேண்டுகோள்கள்.

இளைஞர்களே! "எனக்கு வேண்டாம், அம்மாதான் பிடிவாதம் பிடிக்கிறார்" என்று ஒதுங்காதீர்கள். பெண் பார்க்கப் போகுமுன்பே வீட்டில் உட்கார்ந்து, எதுவும் வாங்க மாட்டேன், மஹர் என் சம்பாத்தியத்திலிருந்து என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

வணிகர்களே! கடைக்கு முதல் இல்லாமல்தான் பல பையன்கள் மாமனார் கையைப் பார்க்கிறார்கள். தருமபுரியிலும் பாலக்கோட்டிலும் அரூரிலும் கடை வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்து வட்டியில்லாக் கடனாக முதல் கொடுங்கள். கர்ளன் ஹஸனா என்று மார்க்கம் சொல்வது இதைத்தான்.

ஜமாஅத் பெரியோர்களே! தஃப்தரில் கையெழுத்துப் போடுமுன் மாப்பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பெண் வீட்டில் என்ன வாங்கினாய்? வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். பணக்காரர் வீடு, ஏழை வீடு என்று பார்க்காதீர்கள்.

தாய்மார்களே! உங்கள் மகனுக்கு வரும் மருமகள் இன்னொரு தாய் பெற்ற மகள். ருமைஸா மதிப்பாகக் கேட்டது மனிதரின் ஈமானை. நீங்கள் மருமகளிடம் தேட வேண்டியதும் அதுதான்.

சுவனத்தில் ருமைஸாவின் காலடியோசையைக் கேட்டதாக நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அந்தப் பெண்மணியின் வழியில் நம் வீடுகளை அமைக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.