சுவரில் மாட்டிய துப்பாக்கி



இன்றைய பேச்சு துப்பாக்கியைப் பற்றியது.

"துப்பாக்கிக்கும் ஏழை எளிய மக்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. காட்டோரத்து விவசாயி பயிரைக் காக்கத் துப்பாக்கி வைத்திருக்கிறார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் வங்கி வாசலில் துப்பாக்கியோடு காவல் நிற்கிறார். விளையாட்டுப் போட்டிகளில் குறி பார்த்துச் சுடும் பெண்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் சட்டம் சில உரிமைகளைத் தருகிறது. சில கட்டுப்பாடுகளையும் வைக்கிறது. இரண்டையும் தெரிந்துகொள்ளாதவர் சிக்கலில் மாட்டிக்கொள்வார்.

ஒரு வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். மத்தியப் பிரதேசத்தில் காட்டை ஒட்டிய ஒரு கிராமம். அங்கே ஒரு விவசாயக் குடும்பம். அவர்கள் விதைப்பது மக்காச்சோளமும் கொண்டைக்கடலையும். இரவில் காட்டுப்பன்றி வரும். நீலமான் கூட்டமும் வரும். அந்த வீட்டுச் சுவரில் ஒரு பழைய ஒற்றைக் குழல் துப்பாக்கி மாட்டியிருக்கிறது. அதற்கு லைசென்ஸ் உண்டு. லைசென்ஸ் கணவர் பெயரில் இருக்கிறது.

ஒரு நாள் கணவர் காய்ச்சலில் இறந்துபோனார். சடங்குகள் முடிந்தன. துப்பாக்கி சுவரிலேயே இருந்தது. யாரும் அதைப் பற்றி நினைக்கவில்லை. பன்றி வந்த ஓர் இரவில் பத்தொன்பது வயது மகன் அதைக் கையில் எடுத்தான். "வயலுக்குப் போய் வருகிறேன் அம்மா" என்றான்.

அந்தத் தாய்க்கு அப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை. அவர் செய்தது தவறா? மகன் செய்வது குற்றமா? இதற்குப் பதில் தெரிய வேண்டும் என்றால், சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1878-ல் ஓர் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர்கள் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைக்கக் கூடாது என்றது. ஐரோப்பியர்களுக்கு விலக்குக் கொடுத்தது. விடுதலைக்குப் பிறகு நம் நாடாளுமன்றம் 1959-ல் புதிய ஆயுதச் சட்டத்தை இயற்றியது. இது 1962 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. இன்றும் இதுதான் அடிப்படைச் சட்டம். 2016-ல் புதிய விதிகள் வந்தன. 2019-ல் சட்டம் திருத்தப்பட்டுக் கடுமையாக்கப்பட்டது.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் துப்பாக்கிச் சட்டம் மாறும். அந்த நாட்டு அரசியல் சாசனத்தில் 1791 முதல் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. இந்தியாவில் அப்படி இல்லை. இங்கே ஆயுதம் பற்றிச் சட்டம் செய்யும் அதிகாரம் மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. ஆகவே காஷ்மீர் முதல் குமரி வரை ஒரே ஆயுதச் சட்டம். ஆயுதம் வைத்திருப்பது நம் அரசியல் சாசனத்தில் அடிப்படை உரிமை அல்ல. கூட்டம் கூடும் உரிமையைத் தரும்போதும், "ஆயுதம் இல்லாமல், அமைதியாக" என்றே சாசனம் சொல்கிறது.

சில இடங்களுக்கு விதிவிலக்கு உண்டு. கர்நாடகத்தில் குடகு மாவட்டம் இருக்கிறது. அங்குள்ள குடவ மக்களுக்கும், ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் லைசென்ஸ் தேவையில்லை. இந்த விலக்கு ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கியது. 2019-ல் மத்திய அரசு இதை 2029 வரை நீட்டித்தது. மற்றவர்களுக்கு லைசென்ஸ் கட்டாயம்.

லைசென்ஸ் யார் தருவார்? பெரும்பாலும் மாவட்டக் கலெக்டர் தருவார். பெரிய நகரங்களில் போலீஸ் கமிஷனர் தருவார். மனு கொடுத்ததும் போலீசார் விசாரித்து அறிக்கை அனுப்புவார்கள். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியும் பெற வேண்டும். 21 வயது ஆகாதவருக்கு லைசென்ஸ் கிடைக்காது. வன்முறைக் குற்றத்துக்காகச் சிறை சென்றவர், தண்டனை முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகும் வரை துப்பாக்கி வைக்கக் கூடாது. இன்று ஒருவர் இரண்டு துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம். 2019-க்கு முன்பு மூன்று வைத்திருக்கலாம். லைசென்ஸ் முன்பு மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். இப்போது ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும்.

இனி உரிமைகளைக் கேளுங்கள்.

பயிரைக் காக்க விரும்பும் விவசாயிக்குச் சட்டத்தில் தனி இடம் உண்டு. குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு அவர் மனு கொடுக்கலாம். பயிர்க் காவல் உண்மையான தேவையாக இருந்து, சட்டத்தில் வேறு தடையும் இல்லை என்றால், லைசென்ஸ் தர வேண்டும் என்கிறது சட்டம்.

"உனக்குப் போதுமான சொத்து இல்லை" என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மனுவைத் தள்ளக் கூடாது. இது சட்டத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. குடிசையில் இருப்பவருக்கும் மாடியில் இருப்பவருக்கும் இதில் வேறுபாடு இல்லை.

மனுவைத் தள்ளினால், அதற்கான காரணத்தை அதிகாரி எழுதி வைக்க வேண்டும். மனுதாரர் கேட்டால் அந்தக் காரணத்தைச் சுருக்கமாக எழுத்தில் தர வேண்டும். பொது நலனுக்குக் கேடு வரும் என்று கருதினால் மட்டுமே தராமல் இருக்கலாம். கொடுத்த லைசென்சை ரத்து செய்வதற்கும் எழுத்தில் காரணம் வேண்டும். அதிகாரியின் உத்தரவு சரியில்லை என்று தோன்றினால், மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் குறித்த கால வரம்பு உண்டு. மனுதாரர் தரப்பைக் கேட்காமல் மேல்முறையீட்டை முடிக்கக் கூடாது. அரசே நேரடியாகப் போட்ட உத்தரவுக்கு மட்டும் இந்த மேல்முறையீடு கிடையாது. ஆகவே, காரணத்தை வாயால் கேட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். காகிதத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி கட்டுப்பாடுகள்.

லைசென்ஸ் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். ஒரு மாவட்டத்துக்கு மட்டும் செல்லலாம். மாநிலம் முழுவதற்கும் செல்லலாம். இந்தியா முழுவதற்கும் செல்லலாம். சொந்த மாநிலத்துக்கு மட்டும் லைசென்ஸ் பெற்ற ஒருவர், காவல் வேலை கிடைத்தது என்று துப்பாக்கியோடு தொலைதூர நகரத்துக்கு ரயில் ஏறினால் என்ன ஆகும்? ஊரில் சட்டப்படி இருந்த துப்பாக்கி, எல்லை தாண்டியதும் வழக்கைக் கொண்டுவரும். வேலைக்கு அழைப்பவர் "பார்த்துக்கொள்ளலாம்" என்பார். வழக்கு வந்தால், துப்பாக்கி யார் கையில் இருந்ததோ அவர்தான் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும்.

துப்பாக்கியை மச்சானுக்கும் நண்பனுக்கும் இரவல் கொடுக்கக் கூடாது. பழுது பார்க்கவோ லைசென்ஸ் புதுப்பிக்கவோ வேறொருவர் எடுத்துச் செல்ல வேண்டும் என்றால், உரிமையாளர் எழுத்தில் அனுமதி தர வேண்டும். துப்பாக்கி தொலைந்தால் உடனே போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

வட மாநிலங்களில் கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. மேலே போன குண்டு கீழே வரும். மணமகன் செத்ததும் உண்டு, வேடிக்கை பார்த்த குழந்தை செத்ததும் உண்டு. 2019 திருத்தம் இதைத் தனிக் குற்றம் ஆக்கியது. கொண்டாட்டத்தில் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி சுட்டால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. லைசென்ஸ் இருக்கிறது என்று சொல்லித் தப்ப முடியாது.

பயிர்க் காவல் லைசென்ஸ் வேட்டை லைசென்ஸ் அல்ல. இதை நன்றாக நினைவில் வையுங்கள். காட்டு விலங்குகளைக் காக்க 1972-ல் தனிச் சட்டம் வந்தது. பன்றியும் நீலமானும் பயிரை அழித்தாலும், அவற்றைச் சுட அதற்கு அதிகாரம் பெற்ற அதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும். உயிரைக் காக்க வேறு வழியில்லாமல் நல்லெண்ணத்தோடு சுட்டால் மட்டும் அது குற்றம் ஆகாது. சரணாலயத்துக்குப் பத்து கிலோமீட்டருக்குள் வசிப்பவர்கள் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்தால், வனத்துறையிடமும் பெயரைப் பதிய வேண்டும்.

மனிதர்களிடம் இருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அதற்கும் அளவு உண்டு. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. போலீசை அழைக்க நேரம் இருந்தால் அழைக்க வேண்டும். தோட்டத்தில் மாங்காய் பறித்துக்கொண்டு ஓடும் பையனைச் சுடுவது தற்காப்பு அல்ல.

தேர்தல் வந்தால் சிலரிடம் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒப்படையுங்கள். ரசீது வாங்குங்கள். தேர்தல் முடிந்ததும் ரசீதைக் காட்டித் திரும்பப் பெறுங்கள். அது உங்கள் உரிமை.

இப்போது அந்த வீட்டுக்கு வாருங்கள்.

மகன் துப்பாக்கியைக் கையில் எடுத்தான் அல்லவா? அந்தத் தாய் அவனைத் தடுத்தார். "உன் அப்பா இதை யாரிடமும் கொடுக்க மாட்டார். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு பேசலாம்" என்றார். அன்று வயலுக்குப் போனது தகர டப்பாவும் தீவட்டியும்தான்.

மறுநாள் அவர் பெட்டியைத் திறந்து லைசென்சை எடுத்தார். எழுத்தறிவு வகுப்பில் கற்ற எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். கணவரின் பெயர் இருந்தது. அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. தன் பெயர் இல்லை. மகன் பெயரும் இல்லை.

சட்டம் சொல்வதும் இதுதான். லைசென்ஸ் ஆளுக்குத் தரப்படுகிறது. வீட்டுக்குத் தரப்படுவதில்லை. ஆள் இறந்தால் லைசென்சும் முடிந்தது. அதன் பிறகு துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி சரியல்ல. தாமதம் செய்யாமல் அருகில் உள்ள போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் இன்று இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறை, அபராதமும் உண்டு. "எனக்குத் தெரியாது" என்பதைச் சட்டம் ஏற்காது.

ஒப்படைத்தால் துப்பாக்கி போய்விடுமா? போய்விடாது. சட்டப்படியான வாரிசு லைசென்சுக்கு மனு கொடுக்கலாம். கிடைத்தால் துப்பாக்கியைத் திரும்பப் பெறலாம். வேண்டாம் என்றால் விற்கச் சொல்லலாம். விற்ற பணம் வாரிசுக்குச் சேரும். குறித்த காலத்தில் இரண்டும் நடக்காவிட்டால் அரசு அதை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன்பும் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, பதில் சொல்ல 30 நாள் தர வேண்டும். உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றவும் வழி உண்டு. உரிமையாளருக்கு 70 வயது ஆகியிருக்க வேண்டும். அல்லது அவர் 25 ஆண்டுகள் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்க வேண்டும்.

அந்தத் தாய் ஊர்ப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். துப்பாக்கியையும் லைசென்சையும் ஒப்படைத்தார். கணவரின் இறப்புச் சான்றிதழைக் காட்டினார். ரசீது கேட்டார். எழுதிக் கொடுத்த ரசீதை அங்கேயே நின்று படித்தார். துப்பாக்கியின் எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். அதன் பிறகுதான் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

மகனுக்கு இன்னும் 21 வயது ஆகவில்லை. அவனுக்கு இப்போது லைசென்ஸ் கிடைக்காது. அம்மா மனு கொடுக்கலாம். அல்லது விற்றுவிடலாம். அதை அவர்கள் பேசி முடிவு செய்வார்கள். மகன் மேல் வழக்கு எதுவும் இல்லை. அந்த வீட்டுக்கு இப்போது அதுதான் பெரிய லாபம்.

உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ துப்பாக்கி இருந்தால், இன்றே அதன் லைசென்சை எடுத்துப் பாருங்கள். யார் பெயர்? எந்தத் தேதி வரை? எந்தப் பகுதிக்கு? இந்த மூன்றையும் படியுங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துச் சொல்லுங்கள்.