பிள்ளைகளைப் பறிக்கும் நிலம்

(வானொலி மறையுரை)



அரசர்கள் இரண்டாம் நூல், இரண்டாம் அதிகாரத்தின் பிற்பகுதியில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. நான்கே வசனங்கள். எலியா விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டார். அவருடைய போர்வையைப் பெற்றுக்கொண்ட எலிசா எரிகோ நகரில் தங்கியிருக்கிறார். அவ்வூர் மக்கள் அவரிடம் வந்து முறையிடுகிறார்கள். ஊர் அமைந்திருக்கும் இடம் நல்ல இடம்தான், ஆனால் தண்ணீர் கெட்டது, நிலமும் கெட்டது என்கிறார்கள். விளையாத நிலத்தைப் பற்றிய முறையீடு என்று எண்ணி நாம் இதைக் கடந்துபோய்விடுகிறோம். எபிரேய மூலத்தில் உள்ள சொல் அதைவிடக் கனமானது. பிள்ளைகளை இழக்கச் செய்வது, கருவைச் சிதைப்பது என்பது அதன் பொருள். எரிகோ மக்கள் அழுதது வயலை நினைத்து மட்டும் அல்ல. தங்கள் நிலம் தங்கள் பிள்ளைகளைப் பறிக்கிறது என்று அழுதார்கள்.

பிள்ளைகளைப் பறிக்கும் நிலம் இன்றும் உண்டா? உண்டு.

ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகரம் டாக்கர். அதன் புறநகர்ப் பகுதிகளுள் ஒன்று தியாரோய். கடலோரத்தில் நெருக்கமான வீடுகள் உள்ள பகுதி. அங்கே பல ஆண்டுகளாகப் பழைய வாகன பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை எடுத்து உருக்கும் தொழில் நடந்துவந்தது. உடைத்த இடத்து மண்ணில் ஈயத் துகள்கள் கலந்து கிடந்தன. ஈயத்தின் விலை ஏறியபோது அந்த மண்ணுக்கே விலை வந்தது. மக்கள் மண்ணை அள்ளிவந்து சலித்து, ஈயத்தைப் பிரித்து விற்றார்கள். தூசி வீட்டுக்குள் படிந்தது. பிள்ளைகள் அதே மண்ணில் விளையாடினார்கள். 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச் வரை, ஐந்தே மாதங்களில், அந்தச் சிறு பகுதியில் 18 பிள்ளைகள் இறந்துபோனார்கள். பிறகு 81 பேரைப் பரிசோதித்தபோது, அவர்களுள் ஒருவர்கூட ஈய நஞ்சுக்குத் தப்பியிருக்கவில்லை.

அந்த அன்னையர் தங்கள் பிள்ளைகளுக்குச் சோறு போடத்தான் மண்ணைச் சலித்தார்கள். இதை நாம் மறக்கக்கூடாது.

அன்பார்ந்தவர்களே, ஈயம் என்று இங்கே நாம் சொல்வது காரீயத்தை. பாத்திரத்துக்குப் பூசும் ஈயம் வெள்ளீயம், அது வேறு. பென்சிலுக்குள் இருப்பதும் காரீயம் அல்ல, அது கரி வகை. நாம் பேசும் ஈயம் வாகன பேட்டரியிலும் இன்வெர்ட்டர் பேட்டரியிலும் இருக்கிறது. பழைய பெயிண்டில் இருக்கிறது. ஒரு காலத்தில் பெட்ரோலிலும் இருந்தது. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. ஆனால் அதற்கு முன் வண்டிகள் புகையோடு கக்கிய ஈயம் சாலையோரங்களில் படிந்தது. ஈயம் மக்காது. மழை பெய்தாலும் எளிதில் கரைந்து ஓடாது. மேல்மண்ணைப் பற்றிக்கொண்டு பல தலைமுறைக் காலம் அங்கேயே கிடக்கும். பிள்ளைகளின் கைபடுவதும் அந்த மேல்மண்ணில்தான்.

பிள்ளை மண்ணில் விளையாடும். விளையாடிய கையை வாயில் வைக்கும். பெரியவர்களின் உடல் ஏற்கும் ஈயத்தைப்போல் நான்கைந்து மடங்கு ஈயத்தைச் சிறு பிள்ளையின் குடல் ஏற்கிறது. உடலுக்கு அது சுண்ணாம்புச் சத்துபோலத் தோன்றுவதால் எலும்பிலும் பல்லிலும் சேர்த்துவைத்துக்கொள்கிறது. வளரும் மூளைக்குள்ளும் அது நுழைகிறது. ஒரு பெண் சிறு வயதில் எலும்பில் சேர்த்த ஈயம், அவர் கருவுறும்போது கரைந்து இரத்தத்தில் கலந்து, வயிற்றுப் பிள்ளையையும் சென்றடைகிறது. எரிகோ மக்களின் சொல் எவ்வளவு சரியான சொல் என்று பாருங்கள்!

இது எங்கோ நடப்பது என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாது. சென்னையில் 3 முதல் 7 வயது வரை உள்ள 756 பள்ளிப் பிள்ளைகளின் இரத்தத்தைப் பரிசோதித்து ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் சராசரியாக 11.4 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே, அது எங்கிருந்து வருகிறது என்று தேடித் தடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தீங்கற்ற அளவு என்று எதுவும் இல்லை என்றும் அது சொல்கிறது. அந்தச் சென்னைப் பிள்ளைகளைப் பற்றி அவர்களுடைய ஆசிரியர்களிடம் கேட்டபோது, இரத்தத்தில் ஈயம் கூடக்கூடப் பதற்றமும் கவனச் சிதறலும் கூடுவது தெரிந்தது. 2020இல் யூனிசெப் நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகப் பிள்ளைகளில் மூவரில் ஒருவருக்கு, அதாவது ஏறத்தாழ 80 கோடிப் பிள்ளைகளுக்கு, இரத்தத்தில் ஈயம் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருக்கிறது.

தியாரோய் பிள்ளைகளின் சாவு ஊருக்குத் தெரிந்தது. சென்னைப் பிள்ளைகளுக்கு நேர்வது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. காய்ச்சல் இல்லை, புண் இல்லை. பிள்ளை பள்ளிக்குப் போகிறது, வருகிறது. சொன்னது மனத்தில் நிற்கவில்லை. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எதற்கெடுத்தாலும் கோபம். அந்தப் பிள்ளைக்கு நாம் என்ன பெயர் வைக்கிறோம்? மக்கு. அடங்காப்பிடாரி. வளர்ப்பு சரியில்லை என்று தாயையும் சேர்த்துச் சொல்கிறோம். பள்ளியில் சொல்கிறோம், மறைக்கல்வி வகுப்பிலும் சொல்கிறோம்.

படிப்பு வராத பிள்ளைகளுக்கெல்லாம் ஈயம்தான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பழி சொல்லும் முன் நற்செய்தியை நினைத்துப் பார்ப்போம். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இது இவர் செய்த பாவமா, இவருடைய பெற்றோர் செய்த பாவமா என்று ஆண்டவரிடம் கேட்கிறார்கள். யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில் இதை வாசிக்கிறோம். இயேசு இரண்டையும் மறுக்கிறார். குற்றவாளியைத் தேடும் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, குணமாக்கும் வேலையில் இறங்குகிறார். அதற்கு அவர் மண்ணையே கையில் எடுக்கிறார் என்பதும் நம் சிந்தனைக்கு உரியது. கடவுளின் கையில் மண் மருந்தாகிறது. நம் கையில் அது நஞ்சாகியிருக்கிறது.

நம் கையில் என்று ஏன் சொல்கிறோம்? மின்சாரம் நின்றவுடன் நம் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடுகிறது. ஆலயத்திலும் ஓடுகிறது. சில ஆண்டுகளில் பேட்டரி தீர்ந்துவிடும். கூடுதலாக நூறோ இருநூறோ யார் தருகிறாரோ அவரிடம் எடைக்குப் போடுகிறோம். அது அங்கிருந்து எங்கே போகிறது? முறையான ஆலைக்குப் போனால் நல்லது. போகாவிட்டால் ஏதோ ஒரு குடியிருப்பின் ஓரத்தில் சுத்தியலால் உடைபடுகிறது. அமிலத்தைத் தரையில் கொட்டி, ஈயத்தைத் திறந்தவெளி அடுப்பில் உருக்குகிறார்கள். வெளிச்சம் நமக்கு வந்தது. ஈயம் அந்தத் தெருவுக்குப் போனது. லூக்கா நற்செய்தியின் செல்வர் இலாசரை அடித்தாரா, விரட்டினாரா? இல்லை. தம் வாசலில் கிடந்தவரை அவர் கண்டுகொள்ளவே இல்லை. நம் வாசலைத் தாண்டிப் போன பொருள் யார் வாசலில் போய் விழுகிறது என்று கேட்காமலிருப்பதும் அதே பாவம்தான். பூமியின் அழுகையும் ஏழைகளின் அழுகையும் ஒன்றே என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலில் நமக்குக் கற்பித்தது இதைத்தான்.

மீண்டும் எரிகோவுக்கு வருவோம். எலிசா என்ன செய்தார்? ஊரைக் காலிசெய்துவிட்டுப் போங்கள் என்று சொல்லவில்லை. தாய்மாரைக் குறைசொல்லவில்லை. புதிய கிண்ணம் ஒன்றில் உப்புப் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். பிறகு தண்ணீர் புறப்படும் ஊற்றுக்கே போய் அங்கே உப்பைப் போட்டார். ஒவ்வொரு வீட்டுக் குடத்திலும் போடவில்லை. நஞ்சு தொடங்கும் இடத்துக்குப் போனார். அந்தக் கிண்ணத்தையும் உப்பையும் கொண்டுவந்தது ஊர் மக்கள். கடவுளின் அருளும் மக்களின் கைகளும் சேர்ந்தபோது நிலம் நலம் பெற்றது.

அன்பார்ந்தவர்களே, நாம் கொண்டுவர வேண்டிய கிண்ணமும் உப்பும் எவை?

முதலாவது, பழைய பேட்டரி. அதை எடைக்குப் போடாமல், புதியது வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுப்போம். அதைத் திரும்பப் பெற்று முறையாகச் சுத்திகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு என்கிறது 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதி. ஆலயத்துப் பேட்டரியிலிருந்தே இதைத் தொடங்கலாம். பங்குப்பேரவை ஒரு தீர்மானமாகவே எழுதிக்கொள்ளட்டும்.

இரண்டாவது, பழைய பெயிண்ட். 2017 நவம்பர் முதல் நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்பது சட்டம். அதற்கு முன் அடித்த பெயிண்ட் இன்னும் கிராதிகளிலும் கதவுகளிலும் இருக்கிறது. திருவிழா வந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுப்பூச்சு அடிக்கிறோம். தூசி முழுவதும் பிள்ளைகள் ஓடியாடும் முற்றத்தில் விழுகிறது. தேய்க்கும் இடத்தை நனைத்துக்கொண்டு தேய்ப்போம். கீழே படுதா விரித்து, உதிர்வதைச் சுருட்டி அப்புறப்படுத்துவோம். அன்று பிள்ளைகளை அருகில் விட வேண்டாம். தேய்க்கும் தொழிலாளிக்கு முகக்கவசம் கொடுப்போம். அவரும் ஒரு பிள்ளைக்குத் தகப்பன்.

மூன்றாவது, மண். மண்வெட்டி எடுத்தால் செய்யக்கூடிய வேலை இது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் குழந்தைகள் காப்பகங்களின் விளையாட்டிடங்களில் ஈயம் படிந்த மண்ணின்மேல், மிசிசிப்பி ஆறு கொண்டுவந்த சுத்தமான வண்டலைப் பரப்பினார்கள். பிள்ளைகள் தொடும் மேல்மண்ணில் ஈயம் வெகுவாகக் குறைந்தது. நம் பள்ளி, ஆலய வளாகங்களில் சாலையோரமாக வெறுந்தரையாகக் கிடக்கும் இடத்தில் நல்ல மண் பரப்பிப் புல் வளர்க்கலாம். இளையோருக்கு இது ஒரு சனிக்கிழமை வேலை.

நான்காவது, வீட்டுப் பழக்கம். சாப்பிடும் முன் பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவோம். வீட்டை ஈரத்துணியால் துடைப்போம். பேட்டரி வேலை, பெயிண்ட் வேலை பார்ப்போர் வேலைத் துணியோடு பிள்ளையைத் தூக்க வேண்டாம், குளித்துவிட்டுத் தூக்குங்கள். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடல் ஈயத்தை அதிகமாக ஏற்கிறது. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் பருப்பும் பிள்ளையின் தட்டில் இருக்கட்டும். ஐயம் இருந்தால் மருத்துவரிடம் ஈயத்துக்கான இரத்தப் பரிசோதனை கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

இவை சிறியவை. ஊற்றுக்குப் போகும் பெரிய வேலை பாக்கி இருக்கிறது. குடியிருப்பு நடுவே ஈயம் உருக்கும் இடம் இருந்தால் அன்பியக் கூட்டத்தில் பேசுங்கள். சமயம் பாராமல் ஊரார் எல்லாரும் சேர்ந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு கொடுங்கள். ஆனால் அந்த அடுப்பருகே நிற்பவரைப் பகைக்காதீர்கள். முதலில் நஞ்சு ஏறுவது அவருடைய உடலில்தான். அவருக்கு வேறு பிழைப்பு கேட்பதும் அதே மனுவில் ஒரு வரியாக இருக்கட்டும். வின்சென்ட் தே பவுல் சபையினர் அந்த வீட்டுக் கதவை முதலில் தட்டட்டும்.

மூளையில் ஈயம் செய்த சேதத்தை மருந்து முழுவதும் திருப்பித் தருவதில்லை. அதனால்தான் காத்திருக்க நமக்கு நேரமில்லை. அதே வேளையில், பாதிக்கப்பட்ட பிள்ளை கைவிடப்பட்ட பிள்ளை அல்ல. பொறுமையான ஆசிரியரும், சத்தான உணவும், திட்டாத வீடும் அந்தப் பிள்ளையை வெகுதூரம் கொண்டுசெல்லும். சிறு பிள்ளைகளைத் தடுக்காதீர்கள் என்ற ஆண்டவர், ஈயம் ஏறிய பிள்ளையையும் மடியில் வைத்துத்தான் ஆசி வழங்குகிறார்.

மன்றாடுவோம். மண்ணிலிருந்து எங்களை உருவாக்கிய இறைவா, எங்கள் பேராசையால் நஞ்சான நிலத்தை நலமாக்கும். எங்கள் பிள்ளைகளின் இரத்தத்தையும் எலும்பையும் அறிவையும் காத்தருளும். நஞ்சு தொடங்கும் இடத்துக்குப் போகும் துணிவையும், அங்கே நிற்கும் ஏழையை நேசிக்கும் மனத்தையும் எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.